அண்டாவில் தேறாத சொல்

எங்கள் பாஷையில் தண்ணீருக்குச் சொல் கிடையாது. தாகத்துக்குக் கிடையாது, குளியலுக்குக் கிடையாது, அழுகைக்கும் கிடையாது. அதைப் பேசியவர்கள் ஏரிக்கடியில் வாழ்ந்தவர்கள். எந்நேரமும் தண்ணீரிலேயே இருப்பவனுக்குத் தண்ணீர் என்று தனியாக ஒன்று இருப்பது தெரியாது என்று என் அக்கா சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. அவள் சொன்னது சரியென்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

ஏரி நிஜமான ஏரிதான். மயிலாப்பூருக்கு மேற்கே, அப்பா பையனாக இருந்த காலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்த ஏரி. அதைத் தூர்த்துத்தான் மாம்பலத்தில் தியாகராய நகரை எழுப்பினார்கள். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்களை அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போவார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து நிற்கும் வீடுகளைக் குடையால் சுட்டி, "இங்கே எனக்குக் கழுத்தளவு தண்ணி. அதோ அந்த மாடி வீடு இருக்கே, அங்கே ஆளே முழுகிப்போயிடுவான்" என்பார்.

"அப்போ அடியிலே இருந்தவாள்ளாம் எங்கே போனா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"மீனைக் கேக்கறியா?"

அவள் மீனைக் கேட்கவில்லை. எனக்கு அது புரிந்துவிட்டது. அன்று இரவு படுக்கையில் அந்த ஜனங்களுக்கு வீடு வாசல், ராஜா, பண்டிகை எல்லாம் ஏற்பாடு செய்து முடித்தோம். மறுநாள் காலையில்தான் அவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்ற பிரச்சினை வந்தது.

வாயை அகலத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆகவே அவர்களிடம் 'ஆ' இருக்க முடியாது. 'அ'வும் சந்தேகந்தான், இரண்டு நாள் சண்டை போட்டு அதையும் தள்ளினோம். க, ச, ட, த, ப எல்லாம் கரையில் நிற்பவர்களின் எழுத்துகள், தண்ணீரில் உடைந்துவிடும் என்று அக்கா தீர்மானித்தாள். மிச்சம் இருந்தவை ம, ன, ல, வ, ய, உதட்டைக் குவித்துச் சொல்லும் உ, ஊ, ஒ, ஓ, கொஞ்சம் இ. இதை வைத்துக்கொண்டு ஒரு தேசத்துக்கே பேச்சு செய்ய வேண்டும். தைக்கத் துணி கொஞ்சம்தான் இருந்தது, ஆனால் அவள் கெட்டிக்காரி.

அவள் சொல் செய்வாள், நான் சட்டம் செய்வேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நான் பிறவியிலேயே தாசில்தார். அப்பா கொண்டுவந்து போட்ட நீள நோட்டு ஒன்றில் நான் நாலு கட்டம் கோடு போட்டேன்: சொல், பொருள், பிறப்பு, தேர்வு. பிறப்பு இல்லாத சொல்லை நோட்டில் ஏற்ற மாட்டேன். எங்கிருந்து வந்தது, எந்தச் சத்தத்திலிருந்து, எந்த நாள் என்று அவள் சாட்சியோடு சொல்ல வேண்டும்.

'லூம்' என்றால் மேலேயிருந்து இறங்கும் வெளிச்சம். பிறப்பு: கிணற்றில் அம்மாவின் செம்பு நழுவி விழுந்த சத்தம். 'னிம்' என்றால் நேரம். பிறப்பு: லஸ் முனையில் டிராம்காரன் 'டினிம்' என்று அடிக்கும் மணி, தண்ணீருக்குள் கேட்டால் அதன் முன்னெழுத்து கரைந்து இப்படித்தான் கேட்கும். 'ஒய்லு' என்பது சித்திரை வெயிலில் குளத்து மேல்தண்ணீர் மட்டும் சுடுமே, அந்தச் சூடு. 'மூய்' என்பவர் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பவர். பிறப்பு: நான் கிணற்றை எட்டிப் பார்த்தபோது உள்ளே தெரிந்த என் மூஞ்சி. அந்த ஜனங்களுக்கு மூய்தான் கடவுள். ஒரு சொல்லுக்கு முன்னால் 'ஒ' போட்டால் அது இல்லை என்று ஆகும். ஒலூம் என்றால் வெளிச்சமில்லாமை; ஒலூம்னிம் என்றால் விளக்கேற்றும் நேரம்.

'உம்மூ' என்றால் அம்மா. அதற்குப் பிறப்பு சொல்ல முடியாது என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். பிறப்பு இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றேன் நான். ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அந்தக் கட்டத்தில் 'தானே' என்று எழுதி வைத்தேன்.

நாலாவது கட்டமான தேர்வுதான் முக்கியம். ஸ்நான அறையில் மார்பளவு உயரத்தில் ஒரு பித்தளை அண்டா இருந்தது; சமையலுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டுகொள்வது. அக்கா முக்காலியில் ஏறி முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சொல்லைச் சொல்வாள். நான் கீழே உட்கார்ந்து பித்தளையில் காதை வைத்துக் கேட்பேன். சொன்னது கேட்டால் சொல் தேறியது. கேட்காவிட்டாலோ, அவளுக்குப் புரையேறினாலோ தேறவில்லை. சொல்ல ஒருத்தி, கேட்க ஒருத்தி. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் அது பாஷை, ஒருத்தி மட்டும் சொன்னால் உளறல். இது நான் போட்ட சட்டம்.

அம்மாவுக்கு மடி, எச்சில், பத்து என்று தீட்டுப் படாமல் பார்த்துக்கொள்வதெல்லாம் உயிர். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டோம். அவள் அடிக்கவில்லை. "அண்டாத் தண்ணியை எச்சப் பண்ணிட்டேளே" என்று மட்டும் சொல்லி, அவ்வளவையும் சாய்த்துக் கொட்டினாள். பிறகு புளி போட்டு அண்டாவைத் தேய்த்தாள். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பியது நாங்கள். சிமெண்டுத் தொட்டியில் பரீட்சை பண்ணிப் பார்த்தோம், காதில் ஒன்றும் விழவில்லை. ஆகவே சொற்களைச் சேர்த்து வைத்து, அம்மா கோயிலுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் ஒரே தடவையாகத் தேர்வு செய்துவிட்டு, தண்ணீரை நாங்களே கொட்டி, நாங்களே இறைத்து நிரப்பிவிடுவோம். அப்படியும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. திரும்பி வந்ததும் எங்கள் உள்ளங்கையைப் பார்ப்பாள், கயிறு உரசிச் சிவந்திருக்கும்.

அக்காவுக்குப் பதினாறில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம். அங்கே ஜாகை கிடைக்கும்வரை அவள் மாமனார் மாமியாரோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. அவர்கள் வீடு தியாகராய நகரில். அப்பா கழுத்தளவு தண்ணீர் என்று காட்டுவாரே, அதற்கு இரண்டு தெரு தள்ளி.

"நம்ம தேசத்துக்கே போறேன்டி" என்றாள் அக்கா, வண்டி ஏறும்போது. அவளுக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

மூன்று மைல் தூரந்தான். ஆனாலும் நினைத்தபோது போய்ப் பார்ப்பது, கூப்பிட்டுக்கொண்டு வருவது எல்லாம் அந்த நாளில் வழக்கமில்லை. நாங்கள் முறையாகக் கேட்க வேண்டும், அவர்கள் அனுப்ப வேண்டும். கேட்பதற்குக் காரணம் வேண்டும். பண்டிகை ஒரு காரணம், கல்யாணம் கார்த்திகை ஒரு காரணம், உடம்பு சரியில்லாமல் போவது ஒரு காரணம். சும்மா பார்க்க வேண்டும் போலிருப்பது காரணமில்லை.

ஆகையால் தபால் கார்டுதான். அவளுடைய மாமனார் ரிடையரானவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் கடுதாசும் வீட்டை விட்டுப் போகும் கடுதாசும் தன்னுடையவைதான் என்று நினைத்தவர், அவ்வளவே. எதையும் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பார். அக்கா எழுதும் கார்டுகளில் எல்லாரும் க்ஷேமம், மழை பெய்தது, நமஸ்காரம் என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. ஆனால் கார்டின் மூன்று ஓரமும் புடவைக் கரை போலச் சுழிசுழியாக அலங்காரம் போட்டிருப்பாள். அது எங்கள் எழுத்து. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சுழி என்று நாங்கள் முன்னமே செய்து வைத்திருந்தது; எங்களிடம் சொல் இல்லாத இடத்தில் தமிழைக் கலந்து எழுத, அதன் சத்தங்களுக்கும் சுழி உண்டு. தங்கைக்காகப் பூப்போடுகிறாள் என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

எங்கள் தெருத் தபால்காரருக்கும் அந்தக் கார்டுகள் பிடிக்கும். "இன்னாம்மா, ஒங்க அக்கா இந்த வாட்டியும் கரை கட்டி அனுப்ச்சிக்கீது" என்று சொல்லித் தருவார்.

முதல் வருஷம் கரையெல்லாம் வேடிக்கைதான். மாமனாரின் குறட்டைக்கு ஒரு சொல், மாமியார் சாவிக்கொத்துக்கு ஒரு சொல். கேட்க ஆள் இல்லாமல் தேர்வை எப்படி நடத்துவது என்று சட்டச் சிக்கல் வந்தது. நான் ஒருத்தியே முகத்தை அமிழ்த்திச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று திருத்தம் கொண்டுவந்தேன். அவளும் ஒத்துக்கொண்டாள். அப்படித்தான் நான் ஒருத்தியே எல்லாவற்றுக்கும் நீதிபதியானேன்.

இரண்டாவது தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது மாமியாரும் கூட வந்திருந்தார். அக்கா இளைத்திருந்தாள். அம்மா அதைச் சொன்னாள். "வேலை செஞ்சா உடம்பு இளைக்கத்தான் செய்யும்" என்றார் மாமியார். நான் மத்தியானம் முழுக்கக் காத்திருந்து, நோட்டை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மடியில் வைத்தேன். அவள் மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். "இன்னுமா இதெல்லாம் வெச்சிண்டிருக்கே? குழந்தையா நீ?" என்று சொல்லிச் சிரித்தாள். மாமியாரும் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்று தெரிகிறது, அன்றைக்கே பாதி தெரிந்தும் இருக்கலாம். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். அது என் சுபாவம்.

தை மாசம் ஒரு கார்டு வந்தது. நடுவில் வழக்கம்போல க்ஷேமம், நமஸ்காரம். கரையில் மூன்று பக்கமும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதியிருந்தாள்.

சொல்: லூம்வா. பிறப்பு: இந்த வீட்டில் ஒலூம்னிம். தினமும் அப்போது உடம்பெல்லாம் ஒய்லு. ஒருவருக்கும் சொல்லவில்லை. பொருள்: மூய், கையை உள்ளே விட்டு என்னை மேலே தூக்கு.

புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பதினாலு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்றும் சொல்லிக்கொள்ளலாம். புரிந்தது. தினமும் விளக்கேற்றும் நேரத்துக்குக் காய்ச்சல் வருகிறது, யாரிடமும் சொல்லவில்லை, வந்து என்னை அழைத்துக்கொண்டு போ. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 'வா'. எங்கள் சொல்லுக்குள்ளேயே பச்சைத் தமிழ். அதுவும் வாயைப் பிளந்து சொல்ல வேண்டிய சொல். சட்டம் போட்டபோது கூட இருந்தவளே இப்படி எழுதலாமா? அவளுக்கு இப்போது நான் வேண்டியிருக்கிறேன் என்பதில் ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா கார்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரையிலே என்னடி எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லே. விளையாட்டு."

"நன்னா இருக்காளோல்லியோ?"

"இருக்கா."

அண்டாவுக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே ஒரு கார்டில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது, எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று நாலு வரி எழுதி, கரையில் தீர்ப்பு எழுதினேன். இந்தச் சொல் செல்லாது. வாயைத் திறக்கிறது. ஏரியை விட்டு மேலே தூக்கப்பட்டவர்கள் பிழைப்பதில்லை, ஆகையால் இப்படியொரு சொல் அந்த ஜனங்களுக்கு வேண்டியதுமில்லை. எழுதி முடித்ததும் நன்றாக எழுதியிருப்பதாகவே தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் கரை இல்லை. தபால்காரர்கூட, "இன்னா, அக்காக்குப் பூ போட நேரமில்லியாங்காட்டியும்" என்றார். அவளாக இறங்கி வரட்டும் என்றிருந்தேன்.

அந்த மாசிக்குள் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பங்குனி பிறந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எங்களுக்குப் போக ஊர் இல்லை. அப்பாவின் தாத்தா காலத்திலிருந்தே எங்களுக்கு மயிலாப்பூர்தான் ஊர். அக்காவின் மாமனாருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நிலமும் வீடும் உண்டு. கிளம்பும் நாளில் ஜட்காவை எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள்.

அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. அம்மா கிட்டே போய் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"சுடறதே" என்றாள் அம்மா.

"வெயில்" என்றார் மாமியார், உள்ளேயிருந்து.

நான் வாசற்படியில் நின்றேன். அவள் எங்கள் பாஷையில் ஒரு சொல் சொன்னால் போதும், நானும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை அவளும் அதையேதான் நினைத்தாளோ என்னவோ.

"ரயிலுக்கு நேரமாய்க்கினு கீது சாமி" என்றான் ஜட்காக்காரன்.

"நன்னாப் படி" என்றாள் அக்கா. தமிழில்தான் சொன்னாள். வண்டி போய்விட்டது.

ஐப்பசி மழையில் ஒரு கார்டு வந்தது. தபால்காரர் அதை என் கையில் தரவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு எட்டி நின்று, "பெரியவங்கள கூப்டும்மா" என்றார். சாவுச் சேதிக்குச் செய்கிறபடி கார்டின் நாலு மூலையிலும் மை தடவியிருந்தது. அப்பா வாசலிலேயே நின்று படித்தார். படித்ததும் கிழித்துப் போட வேண்டும், அந்தக் கடுதாசு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது வழக்கம். அவருக்குக் கை வரவில்லை. நான் வாங்கிக் கிழித்து மழையில் போட்டேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, அல்லது பெரிய துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று தேற்றுகிறார்கள். அதெல்லாம் இல்லை. தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தேன், பசித்தது, சாப்பிட்டேன். மத்தியானம் தூங்கினேன். அம்மா அழுததைப் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். "கல்லு மாதிரி இருக்கு பாரு இந்தப் பொண்ணு" என்று எதிர்வீட்டு மாமி சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா அந்த ஊருக்குப் போய், அக்காவின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "க்ஷயமாம். மார்கழியிலேயே ஆரம்பிச்சிருக்காம். ஒருத்தர் கிட்டேயும் வாயைத் திறக்கலையாம்" என்றார். அந்த நாளில் அதற்கு மருந்து கிடையாது. அதைப் பிற்பாடு நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். தை மாசமே அழைத்து வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது. இங்கே, அம்மாவின் பக்கத்தில் கிடந்து போயிருப்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வருஷம் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு புடவைக்கு நடுவில் நான் போட்ட கார்டுகள் எல்லாம் கட்டிவைத்திருந்தன. அம்மா உள்ளே போய், எங்கள் வீட்டுக்கு அக்கா போட்ட கார்டுகளைத் தன் மரப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு கட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தக் கரையைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடு" என்றாள்.

"எதுக்கம்மா?"

"அவ எழுதினதுலே பாதிதானே நான் படிச்சிருக்கேன்."

தினமும் மத்தியானம் என் பழைய சிலேட்டில் பாடம் நடந்தது. அம்மாவுக்கு நாற்பது வயது. கோலம் போட்ட கை என்பதால் சுழிகள் உடனே வந்துவிட்டன. சொற்களையும் சளைக்காமல் படித்தாள். தண்ணீருக்குச் சொல் இல்லை என்றதும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். உம்மூவுக்குப் பிறப்பு 'தானே' என்று எழுதியிருந்ததை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"அழறதுக்கு இதிலே என்ன சொல்லணும்?"

"அதுக்குச் சொல் இல்லேம்மா. தண்ணிக்குள்ளே அழுதா யாருக்கும் தெரியாது."

"சரிதான்" என்றாள்.

இந்தப் பாடம் எங்கே போய் முடியும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். லூம் என்பதற்கு வேறு சுழியைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒய்லு என்றால் பாயசம் என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். தை மாசக் கார்டை எடுத்து அடுப்பில் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. யோக்கியதையால் என்று சொல்ல மாட்டேன். பாஷையைத் தப்பாகச் சொல்லித்தர எனக்கு வரவில்லை. தினம் பத்துச் சொல்லாக நானே அவளை அந்தக் கார்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன்.

கார்டுகளை வந்த வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாமனார் குறட்டைக்கு வந்தபோது சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து அப்போது பல மாசம் ஆகியிருந்தது. நாலைந்து நாள் கழித்துத் தை மாசக் கார்டு அவள் கைக்கு வந்தது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பாலபாடம் படிக்கும் குழந்தை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். ஒலூம்னிம். உடம்பெல்லாம் ஒய்லு. ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைசிச் சுழி வரைக்கும் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது எப்போ வந்தது?"

"தை மாசம்."

"நான் உன்னைக் கேட்டேனே."

"கேட்டே."

"ஒண்ணுமில்லேன்னியே."

"ஆமாம்."

அவள் மற்றக் கட்டைப் பிரித்து அதற்கு நான் போட்ட பதிலைத் தேடி எடுத்தாள். அதையும் படித்தாள். மேலே தூக்கப்பட்டவர்கள் பிழைப்பதில்லை என்ற இடத்தில் வெகுநேரம் நின்றாள். சொல் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் நான் அர்த்தத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அப்பாகிட்டே இதைச் சொல்லவேண்டாம்" என்றாள். இரண்டு கட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாலை, இரவு, மறுநாள் காலை, எதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. காப்பி வந்தது, தலை பின்னிவிட்டாள். என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பின பிறகு, "அந்த நோட்டை எடுத்துண்டு வா" என்றாள். எடுத்துக்கொண்டு போனேன். ஸ்நான அறையில் நின்றிருந்தாள். அண்டா அன்று காலை இறைத்து நிரப்பியது. அந்தத் தண்ணீரில்தான் அன்றைய சமையல். அவள் குளித்து மடியாக இருந்தாள்.

"ரெண்டு பேர் ஒத்துண்டாத்தான் சொல்லுன்னு எழுதி வெச்சிருக்கியே. உக்காரு. காதை வை."

நான் உட்கார்ந்து பித்தளையில் காதை வைத்தேன். சில்லென்றிருந்தது. அம்மா தலைமயிரை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.

லூம் தெளிவாகக் கேட்டது, கிணற்றில் செம்பு விழுந்த மாதிரியேதான். அப்புறம் அவள் வாயைத் திறந்தாள். அந்த அண்டாவில் அதுவரை நான் 'ஆ' கேட்டதில்லை. குமிழி குமிழியாக உடைந்துகொண்டு, அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அக்காவின் குரல் மாதிரியும் இருந்தது. தண்ணீர் உள்ளே போவதும் கேட்டது. அவள் உடனே முகத்தை எடுக்கவில்லை. மூச்சு இருக்கும்வரை அதைச் சொன்னாள்.

நிமிர்ந்தபோது புரையேறி இருமினாள். முகம், மயிர், மாரெல்லாம் தண்ணீர் வழிந்தது. கண்ணிலிருந்தும் வழிந்தது, அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது."

"அப்போ எழுது."

எழுதினேன். சொல், பொருள். பிறப்பை அக்கா எழுதியபடியே எழுதினேன். தேர்வுக் கட்டத்தில் 'தேறியது' என்று எழுதிய வரி மட்டும் கோணலாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

அண்டாத் தண்ணீரை அம்மா அன்றைக்குக் கொட்டவில்லை. ராத்திரி அதில்தான் சாதம் வடித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.